பழைய சாவியே போதும்

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். இனி ஜென்மத்துக்கும் என்னோடு போனில் பேச மாட்டேன் என்று சபதம் போட்டவளுக்கு வேறு எப்படிச் செய்தி சொல்வது? எனக்கும் நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி நம்பரைப் போடக் கை வரவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை என்று எவனாவது சொல்ல முடியுமா?

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கியிருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டெலிபோன் ஆபீஸில் ஒரு ஜன்னலில் நின்றால் அடுத்த ஜன்னலுக்குப் போ என்கிறார்கள். அங்கே போனால் அவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்கிறார்கள். லைன்மேன் "நாளைக்குக் காலையில வந்துடறேன் சார்" என்று சொல்லிச் சொல்லியே நாளை ஓட்டினார். லிப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஜனங்கள் ரிப்பேர்க்காரன் என்னை எதிர்பார்த்து நிற்பார்கள். நானோ வேலைக்குப் போகாமல் லைன்மேனை எதிர்பார்த்து வாசலில் நின்றேன். கடைசியில் ஒரு நாள் கையில் ட்ரில்லோடு வந்து சேர்ந்தார்.

போன் ஹாலில் இருக்கிறது. கம்ப்யூட்டர் அந்த அறையில் இருக்கிறது. எந்த அறை என்று உனக்குத் தெரியும். "கம்ப்யூட்டரைத் தூக்கி ஹால்ல வெச்சிடலாமே சார், வேலை சுலபம்" என்றார். "அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சுவரோரமாகவே கம்பியை இழுத்துக்கொண்டு போய், கதவு நிலையைச் சுற்றி ஆணியடித்து உள்ளே கொண்டுபோனார். அதனால் இப்போது அந்த அறைக்கதவு முழுசாகச் சாத்துவதில்லை.

போகும்போது சொன்னார். "ஒரே கம்பிதான் சார். நெட்ல இருக்கிறப்ப போன் பேச முடியாது." நான் சொன்னேன், "நான் யார்கிட்ட பேசப் போறேன்? பரவாயில்ல போங்க."

எதற்கு இதெல்லாம் என்று கேட்பாய். தொழிலுக்குத்தான். ஊரில் புதிதாக வந்திருக்கிற லிப்ட் கம்பெனிக்கு இன்டர்நெட்டில் சொந்தமாகப் பக்கம் இருக்கிறதாம். நமக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று பார்க்கிறேன்.

உன் செல்ல மருமகனைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். நீயும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
அண்ணன்


பிப்ரவரி 21

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. போட்டால் பொய்.

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. உட்கார்ந்து பதில் எழுத நேரமில்லை. எங்கள் துணிப் பிரிவில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரி மொத்தத்துக்கும் விரிப்பு, நோயாளி உடுப்பு எல்லாம் என் தலையில். கிழிந்ததைத் தைக்க வேண்டும், தைக்க முடியாததைத் தரை துடைக்க வெட்ட வேண்டும். வீட்டுக்கு வந்தால் கையைத் தூக்கி விளக்குப் போடக்கூடத் தெம்பில்லை.

கேட்கவில்லை, கேட்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லி விடுகிறேன். உன் பிள்ளை நெட்டையன் நன்றாக இருக்கிறான். இன்னும் இளைத்திருக்கிறானாம். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே. எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று உன்னிடம் சொல்வதில்லை என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவனும் நீயும் நடுவில் என்னைப் போட்டு இழுக்கிறீர்கள். எனக்கு அலுத்துவிட்டது, அண்ணா.

அண்ணி போன அன்றைக்கு அவன் வேலையாய் எங்கேயோ மூலையில் இருந்தான். தகவல் போய்ச் சேரவே ஒரு நாள் ஆனது. ராத்திரி பகலாய் வண்டி மாறி மாறி வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, "எல்லாம் முடிஞ்சாச்சு, இனிமே எதுக்கு வந்த?" என்று கேட்டாய். இத்தனை சொந்தத்துக்கு நடுவில். பிள்ளை ஷூவைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே திரும்பிப் போய்விட்டான். 'இப்படிச் செய்யலாமா' என்று கேட்க நான் போன் பண்ணினால், பேசிக்கொண்டிருக்கும்போதே டொக்கென்று வைத்துவிட்டாய். அதனால்தான் சபதம். ஞாபகம் இருக்கட்டும்.

தொழிலுக்காம் தொழிலுக்கு! யாருடைய காதில் பூச்சுற்றுகிறாய்? லிப்ட் நின்றுபோனால் வாட்ச்மேன் போனைத்தான் எடுப்பான், கம்ப்யூட்டரையா போய்த் தட்டுவான்? அவன் அறை, அவன் கம்ப்யூட்டர், அவன் நாற்காலி. எனக்கு எல்லாம் புரிகிறது.

மாத்திரை ஒழுங்காகப் போடு.

தங்கை


மார்ச் 7

அன்புள்ள தங்கைக்கு,

நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். உன் வாய்க்கு யார் பூட்டுப் போடுவது.

இந்த இன்டர்நெட் பிடிப்பது எவ்வளவு பாடு தெரியுமா? பட்டனை அமுக்கினால் உள்ளே இருந்து கீச்சென்றும் கர்ரென்றும் ஒரு சத்தம். பாதியிலேயே செத்துவிடும். மறுபடி அமுக்கு. மறுபடி கீச். லிப்ட் பட்டனைப் பத்து தடவை அமுக்குகிறவர்களைப் பார்த்து "ஒரு தடவை அமுக்கினாலே அதுக்குத் தெரியும்" என்று சொல்கிறவன் நான். இப்போது நானே அமுக்கிக்கொண்டு கிடக்கிறேன். அதனால் ஒரு தடவை பிடித்துவிட்டால் விடுவதே இல்லை. காலையில் எழுந்து போட்டால் படுக்கும்போதுதான் அணைப்பது. மாதத்துக்கு ஒரே கட்டணம்தான், எவ்வளவு நேரம் இருந்தாலும் அதே.

பக்கம் செய்துகொடுத்தது கடைவீதியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற அம்மா. என் வயசுதான் இருக்கும். கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிக்கொண்டு, "உங்களைப் பத்தி நாலு வரி சொல்லுங்க சார்" என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை. லிப்ட் பழுது பார்ப்பவர், அவ்வளவுதானே? "அது ஒரு வரிதான் ஆச்சு, இன்னும் மூணு வேணும்" என்றார். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு முழித்ததில்லை.

கடைசியில் லிப்டைப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சில அறிவுரைகள் சொன்னேன். இந்த ஆறு மாடிக் கட்டடத்துப் பழைய லிப்டை நீ பார்த்திருக்கிறாய், கையால் இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு. மேலே இறங்கியவர்கள் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டால் லிப்ட் அங்கேயே நின்றுவிடும். கீழே இருப்பவர் எவ்வளவு அமுக்கினாலும் வராது. லிப்ட் கெட்டுவிட்டது என்று எனக்குப் போன் போடுவார்கள். நான் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நாலு மாடி ஏறி, கதவைச் சாத்திவிட்டு இறங்குவேன். பாதி ரிப்பேர் இதுதான். 'தயவுசெய்து கதவைச் சாத்துங்கள், கீழே ஒருவர் காத்திருக்கிறார்' என்று பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் போட்டாயிற்று.

கீழே ஒரு போட்டோவும் இருக்கிறது. உன் அண்ணி பால்கனியில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாளே, அது. தொழில் பக்கத்தில் மனைவி போட்டோ எதற்கு என்று சென்டர் அம்மா கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், "என் தொழில்ல போன் எடுத்தது பூரா இவதான்." உண்மைதானே. எனக்கு வந்த ஒரு போனை நான் எடுத்ததுண்டா? அவள் எடுத்து, எந்தக் கட்டடம், எந்த மாடி என்று கேட்டு வைத்திருப்பாள். நான் கருவியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன்.

அந்த வாட்ச்மேன் இருக்கிறானே, ஆறு மாடிக்காரன், அவனுக்கு வாய் நீண்டுவிட்டது. நேற்று தெருவில் என்னைப் பிடித்து, "என்ன சார், உங்க போன் எப்பவும் பிஸியாவே இருக்கு? அப்படி யார்கூட சார் பேச்சு?" என்று பல்லைக் காட்டுகிறான். பெண்டாட்டி போய் ஒரு வருஷம் ஆகாத மனுஷனிடம் பேசுகிற பேச்சா இது? மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பக்கத்தின் முகவரியைத் தனியாக ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உனக்குத்தான். வேறு யாருக்கும் கொடு என்று நான் சொல்லவில்லை.

அண்ணன்


மார்ச் 20

அண்ணா,

பார்த்தேன்.

எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள், அவள் மேஜையில் இன்டர்நெட் உண்டு. சாப்பாட்டு வேளையில் போய் நின்றேன். பக்கம் மெள்ள மெள்ள வந்தது. முதலில் உன் 'கதவைச் சாத்துங்கள்'. எழுத்திலும் கத்துகிறாயே! அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க அண்ணன் நேர்லயும் இப்படித்தானா?" என்றாள். நேரில் இதைவிட மோசம் என்றேன்.

பிறகு போட்டோ வர ஆரம்பித்தது. மேலேயிருந்து கோடு கோடாக. துணிக்கொடி வந்தது, அண்ணியின் தலை வந்தது, நெற்றி வந்தது. அதோடு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்தோம். அந்தப் பெண் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நெற்றியோடு சரி. கண் வரவே இல்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை, அண்ணா. கர்சீப்பை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவளே அதைத் தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்போதுதான் அடியில் இருந்த வரியைப் படித்தேன். நீ கடிதத்தில் மூச்சு விடாத வரி. தொழில், கிடைக்கும் நேரம், தொலைபேசி எண், எல்லாவற்றுக்கும் கீழே: 'வீட்டுப் பூட்டு மாற்றவில்லை. பழைய சாவியே போதும்.'

லிப்ட் ரிப்பேருக்குக் கூப்பிடுகிறவனுக்கு உன் வீட்டுப் பூட்டு எதற்கு?

வாயைத் திறந்து 'வாடா' என்று சொல்ல உனக்கு என்ன கேடு? இப்படி உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் போய் ஒளித்து வைக்கிறாயே! திட்டத்தான் பேனாவை எடுத்தேன், திட்ட வரவில்லை. தாளை மடித்து என் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

அவனிடம் இதைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீதான் சொல்லச் சொன்னாய் என்று நினைப்பான். அவனாக வர வேண்டும். கொஞ்சம் பொறு. இவ்வளவுதான் சொல்ல முடியும்.

தங்கை


ஏப்ரல் 3

அன்புள்ள தங்கைக்கு,

பொறு என்கிறாய். பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேறு என்ன வேலை?

பக்கத்தில் எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டுகிற எண் ஒன்று உண்டு. தினமும் ஏறிக்கொண்டே போனது. எனக்குள்ளே ஒரு சந்தோஷம், யாரோ விடாமல் பார்க்கிறார்கள் என்று. சென்டர் அம்மாவிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "நீங்க தினம் எத்தனை வாட்டி திறந்து பார்க்கிறீங்க சார்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப அது நீங்கதான்" என்றார்.

வந்தவர்கள் இரண்டு வரி எழுதிவிட்டுப் போக ஓர் இடம் இருக்கிறது. ஒரே ஒருவர் எழுதியிருந்தார். முடி வளர மருந்து விற்கிறாராம். என் வழுக்கையை எங்கிருந்து பார்த்தாரோ.

வேலையும் இல்லை. முன்னெல்லாம் நாளுக்கு நாலு பேர் கூப்பிடுவார்கள். இப்போது எவனும் கூப்பிடுவதே இல்லை. புதுக் கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் வளைத்துப் போட்டுவிட்டான் போலிருக்கிறது. போன் அப்படியே தூசி படிந்து கிடக்கிறது. அவள் போனபிறகு ஒரு மணியும் அடிக்கவில்லை என்றே தோன்றுகிறது. அவளோடு சேர்ந்து அதற்கும் உயிர் போய்விட்டது.

காலையில் இணைப்பைப் போட்டுவிட்டு அவன் நாற்காலியில் உட்காருகிறேன். நாற்காலி எனக்கு உயரம். கால் தரையில் முழுசாகப் படவில்லை. அதைத் தாழ்த்தலாம், கீழே ஒரு திருகு இருக்கிறது, எனக்கா தெரியாது? ஆனால் அவன் வைத்த உயரம். டீயை ஆறவிட்டுவிட்டு அந்த இரண்டு வரி எழுதுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பெயர் போட வேண்டாம். ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனால்கூட எனக்குத் தெரியும்.

சரி, நீ சொன்னதுதான். அவன் பார்ப்பான் என்றுதான் ஆரம்பித்தேன். திருப்தியா?

அசதியாக இருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. கவலைப்படாதே.

அண்ணன்


ஏப்ரல் 9

நீயெல்லாம் ஒரு அப்பனா?

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அழுத கண்ணீருக்கு இன்று வெட்கப்படுகிறேன். என்ன நடிப்பு!

நேற்று சாயங்காலம் நெட்டையன் எனக்குப் போன் பண்ணினான். குரலே சரியில்லை. என்னடா என்று துருவிக் கேட்டேன். பிறகு உடைந்துவிட்டான். பிப்ரவரி கடைசியிலிருந்து உனக்குப் போன் பண்ணிக்கொண்டிருக்கிறானாம். வேலை முடிந்து பூத் வரைக்கும் நடந்து வந்து, வரிசையில் நின்று, கூப்பிடுவானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலும் மாலையிலும். எப்போது கூப்பிட்டாலும் அந்த டொய் டொய் சத்தம்தான். "அப்பா ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சிட்டாரு அத்தை. நான் கூப்பிடுவேன்னு தெரிஞ்சேதான் வெச்சிருக்காரு" என்கிறான்.

இருக்காதுடா, லைனில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்றேன். அவன் போனை வைத்ததும் என் சபதத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு நானே உன்னைக் கூப்பிட்டேன். ஆமாம், நான்தான், எங்கள் துணிப் பிரிவு போனிலிருந்து. எனக்கும் அதே டொய் டொய். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டேன். வீட்டுக்குக் கிளம்பும் முன் கூப்பிட்டேன். அதேதான்.

மணியே அடிக்கவில்லை என்று எனக்கு எழுதுகிறாய். ரிசீவரை எடுத்துக் கீழே போட்டால் எப்படி அடிக்கும்? ஒரு கையால் சாவி, பூட்டு என்று உருக்கமாக எழுதுவது, இன்னொரு கையால் போனை எடுத்து வைப்பது. அண்ணி இருந்திருந்தால் உன்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள்.

கொடுத்த வாக்கை உடைக்கிறேன். அவன் இருபத்தொன்றாம் தேதி கிளம்புகிறான். கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை. ஒரு வருஷமாவது ஆகும் திரும்பி வர. அங்கே போன் இல்லை. அதற்குள் உன்னோடு ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்றுதான் பிள்ளை பூத் பூத்தாக அலைந்திருக்கிறான். "போதும் அத்தை, இனிமே கூப்பிடல" என்று சொல்லிவிட்டான்.

இனி நீயாயிற்று, உன் இன்டர்நெட் ஆயிற்று.


ஏப்ரல் 12

தங்கச்சி,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. நானாவது ரிசீவரை எடுத்து வைப்பதாவது! என் பிள்ளை கூப்பிட்டு நான் எடுக்க மாட்டேனா? இப்போதே உனக்குப் போன் பண்ணி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று ஹாலுக்குப் போய் ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தேன்.

கீச். கர்ர்.

உள்ளே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் போட்டது.

'ஒரே கம்பிதான் சார்.' லைன்மேன் சொன்னதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? நான் யாரையும் கூப்பிட முடியாது, அவ்வளவுதான் என்று. என்னை யாராவது கூப்பிடுவார்கள் என்ற நினைப்பே வரவில்லை. வாட்ச்மேன் தெருவில் வைத்து என்ன கேட்டான்? உங்கள் போன் எப்பவும் பிஸி என்றுதானே கேட்டான்? அவனை முறைத்துவிட்டு வந்தேனே, மடையன்.

ஊரெல்லாம் கதவைச் சாத்துங்கய்யா, கீழே ஒருத்தர் காத்திருக்கார் என்று வாழ்நாள் முழுக்கக் கத்தினவன் நான். என் பிள்ளை கீழே நின்று பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். மேலே கதவைத் திறந்து போட்டுக்கொண்டு அவன் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தது நான்.

கம்பியைப் பிடுங்கிவிட்டேன். நிலையில் அடித்திருந்த ஆணியோடு பிடுங்கிவிட்டேன். போனைத் துடைத்து, ஒரு ஸ்டூலில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அவனிடம் சொல். நான் அழுதேன், புலம்பினேன் என்றெல்லாம் சேர்த்துச் சொல்லாதே. அப்பா எடுத்து வைக்கவில்லை, லைன் இப்போது காலியாக இருக்கிறது, இது மட்டும் சொல். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணா,

கம்ப்யூட்டர் ஓடினால் போன் ஓடாது என்று யாருக்குத் தெரியும்? கணக்குப் பிரிவுப் பெண்ணிடம் கேட்டேன், "ஆமாக்கா, இது தெரியாதா?" என்கிறாள். வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன் போன் இப்போது வேலை செய்யும் என்று தெரிந்தும் கடிதம்தான் எழுதுகிறேன். நான் கூப்பிட்டு உன் லைனைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அவன் கூப்பிட்டால்? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். அதனால்தான் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அவன் தங்கியிருக்கும் இடத்துக்காரரைப் போனில் பிடித்து, அவனை வரவழைத்துச் சொல்லிவிட்டேன். நீ சொன்னதை மட்டும், நீ சொன்ன மாதிரியே. எல்லாம் கேட்டான். "சரி அத்தை" என்றான். வைத்துவிட்டான். நம்பினானா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. அவன் உன்னைக் கொண்டு பிறந்தவன், முகத்தைக் காட்டமாட்டான்.

இன்னொன்றும் செய்தேன். கைப்பையில் வைத்திருந்தேனே, உன் பக்கத்தை அச்செடுத்த தாள், அதை உறையில் போட்டு அவனுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு வரியும் எழுதவில்லை. நெற்றியோடு நின்ற அண்ணியும் உன் பூட்டும் சாவியும் போதும் என்று விட்டுவிட்டேன்.

இதற்கு மேல் என்னால் ஒரு தையல்கூடப் போட முடியாது. வந்தால் உன் பிள்ளை. வராவிட்டால் என்னைக் கேட்காதே. சாப்பிட்டுவிட்டாவது காத்திரு.

தங்கை


ஏப்ரல் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

நிதானமாகப் படி. நான் நிதானமாக எழுதுகிறேனா என்று தெரியவில்லை.

கம்பியைப் பிடுங்கிய நாளிலிருந்து போன் அடித்தபடி இருக்கிறது. முதல் மணிக்கே பாய்ந்து பிடிப்பேன். எடுத்தால் வாட்ச்மேன். "அட, கிடைச்சிட்டீங்களா சார்!" அப்புறம் துணிக்கடை முதலாளி, அப்புறம் பல் டாக்டர். வேலையே இல்லை என்று உன்னிடம் புலம்பினேனே, எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். "சீக்கிரம் சொல்லுங்க, வைங்க, வைங்க" என்று எல்லோரையும் விரட்டினேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊருக்குள் பேசியிருப்பார்கள். அவன் மட்டும் கூப்பிடவில்லை. பதினாறு போயிற்று, பதினேழு போயிற்று, நேற்றும் போயிற்று.

இன்று மத்தியானம் மறுபடி வாட்ச்மேன். லிப்ட் நடுவில் நின்றுவிட்டதாம். உள்ளே ஐந்தாம் மாடி டீச்சர். "வேற ஆளைப் பாருய்யா, நான் வீட்டை விட்டு நகர முடியாது" என்றேன். "டீச்சருக்கு மூச்சு வாங்குது சார், வேற யாரும் வர மாட்டேங்கறாங்க" என்றான். போனைப் பார்த்தேன். கருவிப் பெட்டியைப் பார்த்தேன். அவள் இருந்திருந்தால், "போங்க, போன் அடிச்சா நான் எடுக்கிறேன்" என்றிருப்பாள். போகாமல் இருக்க முடியுமா, சொல்லு. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினேன்.

இந்த முறை கதவு இல்லை, நிஜப் பழுதுதான். கையால் இறக்கி டீச்சரை வெளியே எடுத்தேன். வெளியே வந்ததும் முதல் வேலையாக, ஏன் இவ்வளவு நேரம் என்று எனக்கு வகுப்பெடுத்தார். பாதி காதில் வாங்கி, பாதி வாங்காமல் திரும்பி ஓடிவந்தேன். வழியெல்லாம், இப்போது அடிக்கிறது, இப்போது அடிக்கிறது என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

வந்தால் வீடு திறந்திருக்கிறது.

வாசலில் ஷூ. கழற்றி, ஓரமாக, ஜோடியாக வைத்திருந்தது.

அவன் அறையில் உட்கார்ந்திருந்தான், அவன் நாற்காலியில். நான் பிடுங்கிப் போட்டிருந்த கம்பியை எடுத்து மறுபடி மாட்டியிருந்தான். திரையில் என் பக்கம். மேஜைமேல் உன் தாள், நாலாக மடித்தது. நான் வாசற்படியிலேயே நின்றேன். என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்:

"எப்ப வந்த?"

"இப்பதான். நீங்க பூட்டு மாத்தலதானே?"

"அதான் எழுதியிருந்தேனே."

"பார்த்தேன்." திரையைக் காட்டினான். "போட்டோ ரொம்பப் பெருசுப்பா. அதான் யாருக்கும் பாதியோட நிக்குது. சின்னதாக்கிப் போடணும்."

"ஆக்குடா" என்றேன். "உங்கம்மாவ முழுசா வர வை." டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டேன். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். அவனுக்குக் கேட்டிருக்கும். வந்து குழாயை மூடினான்.

நாளை மறுநாள் காலையில் கிளம்புகிறான். அதுவரை இங்கேதான். இளைத்துத்தான் இருக்கிறான், நீ சொன்னது சரி.

இப்போது சாயங்காலம். உன் அண்ணி முழுசாக வந்துவிட்டாள். நெற்றி, கண், அந்தச் சிரிப்பு, கையில் ஈரத்துண்டு வரைக்கும். மூன்று தடவை திறந்து பார்த்தோம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. இன்னும் எதையோ சரிசெய்கிறேன் என்று அவன் உள்ளே தட்டிக்கொண்டிருக்கிறான். 'கதவைச் சாத்துங்கள்' எழுத்தைச் சிறிதாக்கச் சொல்கிறான், நான் விடவில்லை. சண்டை நடக்கிறது.

இதையெல்லாம் உன்னிடம் உடனே வாயால் சொல்ல வேண்டும் என்றிருந்தது. மானம், ரோஷம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நானாகவே உன் ஆஸ்பத்திரி நம்பரைப் போட ரிசீவரை எடுத்தேன். கீச், கர்ர். உள்ளே அவன் நெட்டில் இருக்கிறான். நிறுத்துடா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவன் அறை வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இது உன் கைக்கு வரும்போது அவன் கடலில் இருப்பான். வீட்டில் லைன் சும்மாதான் கிடக்கும். கூப்பிடு, நான் எடுக்கிறேன்.

இன்றைக்கு மட்டும் கிடைக்காது.

அண்ணன்